இரண்டு ஜிபி

பெரியார் நிலையத்தை ஒட்டிய சந்தில்
நாலுக்கு மூணு கடை.
கார்டு நிரப்ப முப்பது ரூபாய்.

"குத்தாப் போடு, கண்ணு செருகக் கூடாது"
என்பார் கப்பலூர் லாரிக்காரர்.
செக்கானூரணி கொத்தனார் ஒச்சப்பனுக்கு
விட்டுப் போனவளைத் திட்டும் பாட்டு மட்டும்.
நர்ஸிங் படிக்கிற பிள்ளை
பட்டியலை மாத்திரைச் சீட்டாய் மடித்துத் தந்தது.
துபாய் கிளம்பியவன்
"அம்மா பாட்டு வேணாண்ணே" என்றான்.

மின்வெட்டுக் காலம் அது.
எழுபது சதவீதத்தில்
நின்றுவிடும் காதல்.
அட்டையால் விசிறிக்கொண்டு
கடன்காரர்களைப் போல் காத்திருப்போம்.

யாரோ மறந்துபோன கார்டு ஒன்றில்
பாட்டே இல்லை.
தவறி அமுங்கிய பதிவு, பதினெட்டு நொடி:
கொசு அடிக்கும் கை,
"மெழுகுவத்திய எங்கடி வச்ச?"
ஒரு குழந்தையின் சிணுங்கல்.
பிறகு தெரு மொத்தமும் ஒரே தொண்டையாய்
"ஏஏஏய்ய்!"
கரண்ட் வந்துவிட்டது.

அதை என் ரிங்டோனாக வைத்தேன்.
அந்த வாரமே ஏழு பேர் ஏற்றிக்கொண்டார்கள்.
எட்டாவதாக ஒச்சப்பன்.
"நல்லாருக்கே, யாரு மியூசிக்?"

மேலவெளி வீதி என்றேன்.
கேள்விப்பட்ட பேர்தான் என்பதுபோல்
தலையாட்டிக்கொண்டார்.