அட்வான்ஸ்

வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று நாள்.
பரணில் இருந்தவை இறங்கிவிட்டன,
கேஸ் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.
சமையல் மேடையில் அந்தக் கறை மட்டும்
உள்ளங்கை அகலத்துக்கு
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மிளகு தூவிய தயிர்சாதத்தின் நிறம் அந்தக் கிரானைட்.
குடிவந்த அன்று தெய்வசிகாமணி சார்
கல்லைத் தட்டிக் காட்டினார்.
"புளி வைக்காதீங்க,
எலுமிச்சை மூடியைக் கவுத்து வைக்காதீங்க,
கொதிக்கிற சட்டியை நேரா இறக்காதீங்க."
மகளைக் கட்டிக்கொடுத்தபோதும்
மாப்பிள்ளையிடம் இத்தனை சொல்லியிருக்க மாட்டார்.

ஐந்து வருஷம்.
சங்கரா மீனின் செதில் ஒட்டிக் காய்ந்ததுண்டு.
போர் தண்ணீர் உப்பு குழாயடியில்
வெள்ளையாய் வளர்ந்ததுண்டு;
மரக்கரண்டியால் சுரண்டுவேன், மறுபடி வளரும்.
கம்பி நார் பட்டதில்லை.
ராத்திரி இரண்டு சொட்டு சோப்பு, ஈரத்துணி,
பிறகு காய்ந்த துணி.
என் தலை எண்ணெய் பார்க்காத வாரங்களிலும்
அதற்குத் துடைப்பு தப்பவில்லை.

இந்தக் கறை சமைத்து வந்ததல்ல.

முதல் மழைக்காலத்தில்
கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்த இரவு.
முதலில் கழிவறையில் குமிழி.
அப்புறம் வாசல்.
கணுக்கால். முழங்கால்.
கட்டில் மிதக்கும் என்பது
அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மேடைமேல் ஏறியது:
அரிசி மூட்டை, அடுப்பு, மிக்ஸி,
மார்க் ஷீட், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ்.
எல்லாவற்றுக்கும் நடுவே நிறைமதி,
இரண்டே கால் வயசு,
தலைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு.
சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு
சண்முகவேல் தண்ணீரில் நின்றார்,
பிள்ளை உருண்டுவிடாதபடி ஒரு கையை நீட்டி.
நான் அகலில் நல்லெண்ணெய்
ஊற்றிக்கொண்டே இருந்தேன், விடியும்வரை.
என்னடா இப்படிக் குடிக்கிறது திரி என்று நினைத்தேன்.
அகலின் அடியில் விரிசல்.
குடித்தது கல்.

கல் குடிக்கும் என்று
ஜாபர் பாய் கடையில்தான் தெரிந்தது.
"ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க.
முத்தா நின்னா சீலர் இருக்கு.
கல்லு கறுத்துச்சுன்னா ஒண்ணும் இல்ல."
வந்ததும் விட்டுப் பார்த்தேன்.
நின்றது, யோசித்தது, கறுத்தது.
அத்தனை பத்தியம் சொன்னவர்
ஒரு பூச்சு சீலர் அடித்திருக்கவில்லை.

சமையல் சோடா கால் கிலோ.
இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து
கறைமேல் அப்பி
கழுவிய பால் கவரை வெட்டி மூடி
சுற்றிலும் டேப் ஒட்டினேன்.
நெற்றியில் பற்றுப் போட்ட ஜுரக்காரன் மாதிரி
ஒரு முழு நாள் கிடந்தது மேடை.
நாங்கள் பரோட்டா வாங்கித் தின்றோம்.

"வடை மாவாம்மா?" என்றாள் நிறைமதி.
அவளுக்கு அந்த இரவு ஞாபகமில்லை.
நானும் சொல்லவில்லை.

கவரைப் பிரித்துக் காயவிட்டு
காலாவதியான ஏடிஎம் அட்டையால் வழித்தேன்.
வெள்ளையாய்ப் போனது
பழுப்பேறித் திரும்பி வந்திருந்தது.
மோந்து பார்த்தேன்,
சிக்குப் பிடித்த எள்.
கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.
அதை சிங்க்கில் கொட்டுவதா, குப்பையிலா?
இப்படி ஒரு கேள்வி வருமென்று
எந்த வீட்டுக் குறிப்பிலும் போடவில்லை.

இன்னொரு பற்று போட்டதும்
எங்கே இருந்தது என்று
நானே தேட வேண்டியதாயிற்று.

சார் வந்தார். மேடையைப் பார்க்கவே இல்லை.
சுவரில் ஆணி ஓட்டைகளை எண்ணினார்.
பதினொன்று.
காலண்டர் ஆணி அவர் அடித்தது என்றேன்.
சரி, பத்து.
கல்லில் முழங்கையை ஊன்றித்தான் கணக்குப் போட்டார்,
கிட்டத்தட்ட அதே இடத்தில்.
ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்.

சாவியைக் கொடுக்கும்போது,
"அடுத்தவங்க வர்றதுக்குள்ள
ஒரு கோட் சீலர் அடிச்சிடுங்க சார்" என்றேன்.

"கல்லுக்கு என்னம்மா ஆகும்" என்றார்.