ஆறில் ஒரு பங்கு

எட்டாம் துளை.
இருபத்தொரு அடியில் கயிறு நனைந்தது.
குழாயை இழுத்து வெயிலில் பிடித்தேன்,
தண்ணீரின் மேல் நகத் தடிப்பில் கறுப்பு.

தொழிற்சாலை மூடி முப்பத்திரண்டு வருசம்.
இரும்பெல்லாம் யாரோ கழற்றி விற்றாயிற்று.
கசிந்ததை மட்டும் ஒருவரும் களவெடுக்கவில்லை.

சிவகடாட்சத்தார் வேலிக்கு அப்பால் உறுதியை விரித்தார்:
"நாலு பரப்பு. கிணத்தில ஆறில் ஒரு பங்கு.
வழிவாய்க்கால், துலா மிதிக்கிற உரிமை.
இவ்வளவும் எழுதின நொத்தாரிசு
இந்தக் கறுப்பில என்ர பங்கு எவ்வளவெண்டு
எழுதேல்லையே, பிள்ளை?"

சிரித்துவிட்டேன். பிறகு
சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

இது சுண்ணாம்புக்கல்.
எந்தக் கதியாலும் அவ்வளவு ஆழம் இறங்காது.
மாரியில் மேலேறும்,
கோடையில் இறங்குகையில்
கல் முழுக்கப் பூசிவிட்டுப் போகும்.
இறைத்தே எடுக்கலாம்தான்;
கூட இறைத்தால்
அடியில் காத்திருக்கும் கடல் ஏறிவிடும்.
செம்பாட்டு மண்ணை வெட்டி ஏற்றலாம்.
லொறிக்காரர் கேட்டார், எங்கே கொட்டுறது?
அறிக்கையில் அந்தப் பக்கம் இன்னும் வெள்ளை.

போத்தலில் திகதி எழுதி, பெட்டியில் ஐஸ் அடுக்கினேன்.

பவுசர் ஹோர்ன் அடித்தது.
ஆறு பங்காளரும் வந்தார்கள்,
வழக்காடிப் பேச்சில்லாத இரண்டு பேரும்
அடுத்தடுத்து.
ஆளுக்கு மூன்று வாளி.

ஒழுங்கையில் புழுதி.
சிவகடாட்சத்தார் கடைசி வாளியை
உறுதியால் மூடிக்கொண்டு நடந்தார்.