பன்னிரண்டாவது பேனை

கடைசி வாங்கில், ஜன்னலோரத்தில்
எப்போதும் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது.
எந்தத் தொடரைத் திறந்தாலும்
அதே வாங்கு, அதே காற்று,
பாடத்தைக் கவனிக்காத அதே திரைச்சீலை.
உவர்மலை ரியூட்டரியில் எனக்குக் கிடைத்தது
மின்விசிறி எட்டாத வரிசை.
வெளியே தண்ணீர்த் தாங்கி.
தாங்கி நிழலில் அசைபோடும் இரண்டு மான்.

சிரிக்காமல் கேள், டிலோஜினி.
கதாநாயகியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.
ஓடினாலும் கலையாத தலைமயிர்,
அழுதாலும் சிவக்காத மூக்கு.
எனக்குப் பிடித்தவள் மூன்றாம் எபிசோடில் வருவாள்,
நூலகத்தில், புத்தக அடுக்குக்குப் பின்னால்.
"நான்" என்று தொடங்குவாள்.
இசை நிற்கும். பூ ஒன்று விழும்.
"நான்… பேனை கொண்டுவரேல்ல" என்று முடிப்பாள்.

போர்வைக்குள் போனை அணைத்துவிட்டு
இருட்டில் கொஞ்ச நேரம் கிடந்தேன்.
இரசாயன வகுப்பில் ஆறு மாதத்தில்
கேதுஷனிடம் பதினொரு பேனை வாங்கியவள்
நான்.
ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.
மேசை லாச்சியில் இருக்கின்றன. மூன்று எழுதும்.

மொட்டைமாடியில் பெடியனும் பெட்டையும்
சோற்றுப்பெட்டி திறக்கும் காட்சி
நமக்கு விண்வெளிக் கதை மாதிரி.
நம் பள்ளிக்கூட மாடிக் கதவின் பூட்டை
நாம் படிக்க வந்த நாளிலிருந்து
ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.
ஆனாலும் அந்த முட்டைப்பொரியலை அவள் நீட்டும்போது
கை நடுங்குகிறதே,
அந்த நடுக்கம் நம்மூர்க்காரி.

இன்னொன்றும் இருக்கிறது.
பள்ளி விழாவுக்குக் கோப்பிக்கடை போடுவதா
பேய்வீடு போடுவதா என்று
ஒரு வகுப்பு முழுவதும் மூன்று எபிசோட் சண்டை பிடிக்கும்.
அதைவிடப் பெரிய செய்தி இல்லாத ஒரு கிழமை.
அதைப் பார்க்கத்தான் நடுச்சாமம் வரை
மலிவு டேட்டாவுக்குக் காத்திருக்கிறேன்.
அம்மா கேட்டால், பாஸ்ட் பேப்பர்.

வாணவேடிக்கை எபிசோடை மட்டும் மன்னிக்க மாட்டேன்.
அவன் வாயைத் திறக்கும்போதுதான் வாணம் வெடிக்கும்.
"என்ன சொன்னாய்?"
"ஒண்டுமில்லை."
பத்து எபிசோட் போச்சு!
தலையணையைக் குத்தியிருக்கிறேன்,
இன்னொருக்கால் சொல்லன் விசரா என்று.

அந்தக் கோபத்தில்தான் எழுதினேன்.
பதினாறு வரி.
சேதன இரசாயனக் கொப்பிக்குள் மடித்து வைத்து
கோட்டை வாசலடியில் சைக்கிளை நிறுத்தி
"நோட்ஸ் கேட்டனீங்கள் தானே" என்று நீட்டினேன்.
அவன் கை வருவதற்குள்
ஒரு மூக்கு வந்தது.
ஈரமான, கறுப்பான, வெட்கமில்லாத மூக்கு.
பென்சீன் வளையம் இரண்டும்
என் பதினாறு வரியும்
ஒரே இழுவையில் போயின.
கொம்பில்லாத குட்டி மான். நன்றாக மென்றது.

"முக்கியமான பக்கமோ?" என்றான் கேதுஷன்.
டொக்யார்ட் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது.
பின்னணி இசைக்கு ஊர் தன்னால் முடிந்ததைச் செய்தது.
"நான்" என்று தொடங்கினேன்.

அந்த ஒரு சொல்லோடு நின்ற இடத்தில்
எபிசோட் முடிந்திருக்கும், அங்கேயென்றால்.
பெயர்கள் மேலே ஓடும்.
இரண்டாம் சீசன் வருமா என்று கேட்டால்
புத்தகத்தை வாங்கிப் படி என்பார்கள்.
இங்கே வெயில் ஓடிக்கொண்டே இருந்தது.
சுண்டல்காரர் எங்களைச் சுற்றித் தள்ளுவண்டியைத் திருப்பினார்.
கேதுஷன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து
நான் கேட்காமலே ஒரு பேனையை நீட்டினான்.
"திருப்பி எழுதித் தாங்கோ" என்றான்.
பிறகு காது சிவந்து,
"நோட்ஸைச் சொல்லுறன்" என்றான்.

வீட்டுக்கு வந்து கிறுக்கிப் பார்த்தேன். எழுதவில்லை.
ஊதி, உள்ளங்கையில் உரசி,
செருப்பின் அடியில் உருட்டி,
ஒருபடியாய் நீலம் வந்தது.

மூடியில் பல்லுத்தடம் இருந்தது, டிலோஜினி.
மானுடையது இல்லை.