எஞ்சின் இல்லாத வண்டியை ஓட்டுவது

நாலு பேர் தள்ளித்தான் கொண்டுவந்தார்கள்
ருஸ்தாவி வண்டிச் சந்தையின் பின்வேலிக்கு,
இரும்பாலைப் புகைபோக்கிகள் தெரியும் இடத்துக்கு.
நீல வண்டி. அமெரிக்காவில் எங்கோ முட்டி மூக்குடைந்து
கப்பலேறி போத்தித் துறைமுகத்தில் இறங்கியது.
மூக்கு மட்டும் இங்கே புதிதாய் முளைத்தது.
மூடியைத் தூக்கினால் எஞ்சின் இருக்க வேண்டிய குழியில்
ஒரு வாளி, கொஞ்சம் ஈரச் செய்தித்தாள்.

"எஞ்சின் தனியாக வரும், விளம்பரத்தில் எழுதிவிட்டேன்.
படம் ஓடட்டும், மக்வாலா" என்றான் நுக்ஸார்.
எவ்வளவு வேகம் என்று கேட்டேன்.
யோசித்தான்.
"எண்பது போதும்.
நூற்றிருபது என்றால் சந்தேகப்படுவார்கள்."

வண்டியை ஓட்ட, வண்டியைத் தொடக் கூடாது.
ஓரம் ஓரமாய் நறுக்கி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு
மிச்ச உலகத்தைப் பிடித்து இழுக்க வேண்டும்:
வேலி, விளக்குக் கம்பம், டயர்க் குவியல்,
பனியில் பாதி உருகிய மலை.
நிழலை இழுக்கக் கூடாது,
அது வண்டியோடு வருகிற சாமான்.

சக்கரம்தான் ராத்திரியைத் தின்னும்.
சாய்ந்து தெரியும் சக்கரம் வட்டமில்லை, முட்டை.
முட்டையை வட்டமாக்கி
வட்டத்தைச் சுழற்றி
மறுபடி முட்டையாக்க வேண்டும்.
ஆரங்களுக்குப் பின்னே எட்டிப் பார்க்கும் பிரேக் கவ்வி
சக்கரத்தோடு சுற்றாது.
அதையும் சேர்த்துச் சுற்றிவிட்டுத்தான்
புதிதாய் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.
நானும் மாட்டியிருக்கிறேன், இரண்டு முறை.

கழுவிய கதவில் யாரோ நிற்கிறார்கள்,
குட்டையாய், அகலமாய், முகத்துக்குப் பதில் கேமரா.
என்னையும் இழுத்தேன்.

வலது ஓரத்தில் கோச்சா.
தள்ளிய நால்வரில் ஒருவன்,
இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறான்.
முதலிலேயே அழித்திருக்க வேண்டும்.
அழிக்கவில்லை.
அவனுடைய செம்மண் நிறச் சட்டை நீண்டு நீண்டு
வேலியோடு போகும் ஒரு கோடாயிற்று.
அந்தக் கோடு இல்லாமல் வண்டி
இவ்வளவு வேகமாய்த் தெரிந்திருக்காது.

விடியும் நேரத்தில்தான் கவனித்தேன்,
எண்பதில் போகிற வண்டியில்
ஓட்டுகிறவர் இல்லை.
கண்ணாடிகளைக் கருப்பாக்கினேன்.

ஒன்பதாம் நாள் யெரெவானிலிருந்து வார்ட்கெஸ் என்பவர் வந்தார்.
கைப்பேசியில் இருப்பதைப் பார்த்தார், தரையில் இருப்பதைப் பார்த்தார்,
மறுபடி கைப்பேசியை.
"நிற்கும்போது கொஞ்சம் சின்னதாய்த் தெரிகிறதே."
அப்புறம் விலையில் முந்நூறு குறைத்துக்கொண்டு
காசை எண்ணிக் கொடுத்தார்.
எஞ்சினை அவரே பார்த்துக்கொள்வாராம்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு, போல்னிசிக்கு,
மினிபஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.
மார்னெவுலி தாண்டியதும்
பக்கத்திலேயே ஒரு லாரி,
அதன் முதுகில், நான்கு சக்கரத்திலும் வார் கட்டி,
என் நீல வண்டி.

போகிறது.
நெட்டிலிங்க மரங்கள் அதன் பின்னால் கரைகின்றன.
தர்ப்பூசணிக் கடைகள் பச்சைக் கோடாய் இழுபடுகின்றன.
எங்கள் ஓட்டுநரின் முள்ளைப் பார்த்தேன், எண்பதை ஒட்டி.
ஆனால் சக்கரம் அசையவில்லை.
ஐந்து ஆரத்தையும் எண்ணலாம்,
காற்றடிக்கும் துளையின் மூடிகூடத் தெரிகிறது.
உள்ளே ஆளில்லை.

ஜன்னல் கண்ணாடியில் கைப்பேசியை ஒட்டிவைத்து எடுத்தேன்.
லாரி தெரியாதபடி கீழே வெட்டினேன்,
வேறு எதையும் தொடவில்லை.

திங்கட்கிழமை நுக்ஸாரிடம் காட்டினேன்.
தேநீரை ஆற்றிக்கொண்டே
ரொம்ப நேரம் பார்த்தான்.

"பின்னணி பரவாயில்லை" என்றான்.
"சக்கரத்தை மறந்துவிட்டாய்."