பற்றுக்கும் வரவுக்கும் நடுவே

பள்ளத்தூரில் மூன்றாம் கட்டின் சாமான் அறை,
மாதம் நாலாயிரம்.
சுவர் இரண்டடிக் கனம், ஜன்னல் கிடையாது.
வாசலில் டேங்கர் லாரி போனாலும்
மைக்குக்குத் தெரியாது.
செல்போனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது
அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தது.

பார்வையற்ற பிள்ளைகளுக்காகப்
பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல்.
வாசிப்பவர் உமையாள்,
கோட்டையூர் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
சனிக்கிழமை மதியம் வந்து
பஸ் மூச்சு அடங்கும்வரை
தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பார்.

பற்று, என்றார்.
டிக்.
வரவு.

ஐந்தொகை என்பது ஒரு குறிப்பிட்ட நாளில்
டிக்
ஒரு வணிகத்தின் நிலையை

"என் பல்லா?" என்றார்.

விசிறியை நிறுத்தினேன். கேபிளை மாற்றினேன்.
பல்லியின்மேல் பழிபோட்டு
அலமாரியை நகர்த்தினேன், பல்லி இல்லை.
கடைசியில்தான் கணினியைச் சந்தேகித்தேன்.
நான் ஓடவிட்டது ஒன்றே ஒன்று.
உள்ளே நூற்றுப் பதினேழு பேர்
விழித்திருந்தார்கள்.

இந்த வீடும் இப்படித்தான்.
பூட்டிக் கிடப்பதாகத் தெரு நினைக்கும்.
பதினாலு புள்ளி.
ஒருவர் ஈப்போவில், ஒருவர் அண்ணா நகரில்,
ஒருவர் எங்கே என்றே மற்றவர்க்குத் தெரியாது.
நான் ஓர் ஆணி அடிக்க
பதினாலு சம்மதம் வேண்டும்.

அச்சுப்பொறியே இல்லாத அறையில்
அச்சு வரிசையைக் காத்துக்கொண்டு ஒருவன்.
யாரும் அனுப்பப்போகாத ஃபேக்ஸுக்கு ஒருவன்.
நான் ஒருநாளும் தேடாதவற்றுக்கு
இரவெல்லாம் அகராதி எழுதுகிறவன்.
ஜன்னலில்லாத அறைக்கு
வெயில் முப்பத்தெட்டு என்று சொல்ல ஒருவன்.

யாரையும் வெளியே தள்ளவில்லை.
'தானாக' என்றிருந்ததைக்
'கைமுறை' என்று மாற்றினேன்.
கூப்பிட்டால் வந்தால் போதும்.

ஒவ்வொருவனை நிறுத்தியதும் ஒரு பத்தி வாசிப்பு.
துண்டுத்தாளில் நான் கிறுக்குவதைப் பார்த்து
உமையாள் நோட்டைப் பிடுங்கிக் கோடு போட்டார்:
பெயர், முன்பிருந்த நிலை, மாற்றிய நேரம்.
"நாளைக்கு எது ஓடலைன்னாலும்
இதைப் பார்த்துத் திருப்பிப் போடலாம்.
கையெழுத்துப் போடுங்க."
போட்டேன்.

வேகத்தில் ஒன்றைக் கூடுதலாக நிறுத்திவிட்டேன்.
அவர் வாய் அசைகிறது.
ஹெட்ஃபோனில் தூசிகூட இல்லை.
இத்தனை சுத்தமான பதிவு
என் பிழைப்பில் வந்ததில்லை என்று
கால் நிமிடம் நம்பினேன், சத்தியமாக.
நிறுத்தியது ஒலிச் சேவையை.

திருப்பிப் போட்டேன். நோட்டில் ஏற்றினோம்.
டிக்.

"இந்த ஒண்ணை ஏன் தொடவே இல்ல?"
வைஃபை.
"வேணும் மேடம்."
"எதுக்கு?"

அது நிமிடத்துக்கொரு தரம்
தன் வேலையை விட்டுத் தலைநிமிர்த்தி,
பக்கத்தில் தெரிந்த பெயர் ஏதும் இருக்கிறதா என்று
காற்றைத் துழாவுகிறது.
இல்லை என்று தெரிந்து, குனிந்து,
மறுபடி.
பிப்ரவரியில் நான் அனுப்பிய மூன்று வரிக்கு
இன்னும் பதில் வரவில்லை.
இதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

காசாளர் வரிசையைப் பார்க்கிற பார்வையோடு
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
அவர் காத்திருந்தார்.

நிறுத்தினேன். மூன்று பதினெட்டு.

பற்று, என்றார்.

நடுவில், அவர் உமிழ்நீர் விழுங்கியது,
கண்ணாடி வளையல் மேசையைத் தொட்டு விலகியது,
அடுத்த சொல்லுக்கு முன்
நெஞ்சு கொஞ்சம் உயர்ந்தது.
அதற்கப்புறம் வரவு.

நாற்பத்தோராம் பக்கம்வரை ஒரே மூச்சில் போனோம்.

ஐந்தரை பஸ்ஸுக்கு அவர் போன பிறகு
நோட்டைப் பார்த்து
அதை மட்டும் இயக்கினேன்.
முற்றத்தைத் தாண்டி, பூட்டிய கதவுகளைத் தாண்டி,
ஒவ்வொரு கோடாக ஏறி
ஒரு மின்னஞ்சல் வந்தது.

காஸ் மானியம்.
இருபத்து நாலு ரூபாய் அறுபத்தேழு காசு
தங்கள் கணக்கில் வரவு.