ஒன்பதாம் எண் தூக்கப்பை

அந்த ஆள் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
பையை மேசைமேல் வைத்தான்.
வெடித்த உதட்டோடு ஒரே ஒரு கேள்வி:
"நீ இதில் படுத்திருக்கிறாயா?"

பதினோரு வருஷமாய் மோஷியில்,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
கதகதப்பை நாள் வாடகைக்கு விடுகிறவள் நான்.
மேலே எவ்வளவு குளிரும் என்பார்கள்.
திரும்பி வந்த ஜாக்கெட்டுகள் சொன்னதைச்
சொல்லி அனுப்புவேன்.
காலரில் உறைந்து காய்ந்த மூக்குநீர்.
பல் பதிந்தும் உடையாத சாக்லேட்.
ஒருமுறை உள்பையில் நாலாய் மடித்த தாள்,
யாரோ தனக்கே எழுதிக்கொண்டது:
உட்காராதே.

ஆனால் ஒன்பதாம் எண்
எதையும் சொன்னதில்லை.
மைனஸ் பத்து வரை தாங்கும் என்று
உள்ளே தைத்த துணித்துண்டு சொன்னது,
நானும் அதையே சொன்னேன்.
எந்த ஊரில் யார் தைத்த வாக்கோ.
அதை நம்பி ஒருவன்
நாலாயிரத்து அறுநூறு மீட்டரில்
விடிய விடியப் பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறான்.

ஜனவரிக் கடைசியில் போகிறேன்.

நாற்பதாம் அளவு பூட்ஸ்,
இடது முனை அடுப்பில் கருகியது.
இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கு என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
ம்புயுனிச் சந்தைக்குப் போட்டுப் போனேன்.
தக்காளிக்காரி எட்டிப் பார்த்தாள்:
"மலை இங்கேயே இறங்கிவிட்டதா, அய்காருவா?"
ஞாயிறு ஜெபத்துக்கும் அதே பூட்ஸ்.
எல்லோரும் கண்மூடிய நேரம் பார்த்து
டக் டக்கென்று நடுவழியில் போனேன்,
போதகர் ஒரு வார்த்தையை விழுங்கினார்.

தானியக் கிடங்கின் நாலு மாடிப் படி.
முதுகில் சோள மாவு மூட்டை,
முதலில் ஐந்து கிலோ, பிறகு ஒன்பது.
மூன்றாம் மாடியில்
முழங்காலுக்குள் மணல் அரைபடும்.
இறங்குவதுதான் பாடு.
கால் நகத்தை ஒட்ட வெட்டு, இறங்கும்போது கறுத்துவிடும் என்று
பூட்ஸ் திருப்ப வந்த ஒரு பெண்
செருப்பைக் கழற்றிக் காட்டியது நினைவில் இருக்கிறது.
இன்று வெட்டிவிட்டேன்.

விடியலில் கொஞ்ச நேரம் மலை முகம் காட்டும்.
ஏழு மணிக்கெல்லாம்
மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.
இத்தனை நாள் அதைப் பார்த்து
இன்றைக்கு ஆள் வருமா என்றுதான் கணக்குப் போட்டேன்.
இப்போது பார்த்தால்
வயிற்றில் என்னவோ நழுவுகிறது.

பேரேட்டில் என் பெயரை எழுதினேன்.
ஏழு நாள்; தள்ளுபடி கிடையாது.
பிணையாக எல்லோரிடமும் பாஸ்போர்ட் வாங்குவேன்.
என்னிடம் பாஸ்போர்ட் இல்லை.
கொஞ்சம் யோசித்துக்
கடைச் சாவி என்று எழுதினேன்.

குழுவின் சமையல்காரி எலினாமி
தரையில் உட்கார்ந்து முட்டை எண்ணுகிறாள்.
ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்து
நூற்று எண்பது.
"மூன்றாம் எண் பையை எடு,
அதில் வாத்து இறகு இருக்கிறது" என்கிறாள்.
"ஒன்பதுதான்."
"குளிரில் செத்தால் யார் சுமப்பது?"
"நீ ஏற்கெனவே முட்டை சுமக்கிறாய்."
அவள் சிரிக்கவில்லை.
நூற்று நாற்பதிலிருந்து மறுபடி எண்ணுகிறாள்.

பாட்டரிகளைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்தேன்.
குளிரில் அவையும் செத்துவிடுமாம்.
ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன்.
மூன்றாம் பல் இன்னும் மக்கர் செய்கிறது.
ஒன்பதாம் எண்ணை விரித்துச்
சிமெண்டுத் தரையில், புழுக்கத்தில்,
கழுத்துவரை மூடிப் படுத்துப் பார்த்தேன்.
வேர்த்துக் கொட்டியது.
இதிலிருந்து என்ன தெரியும்?

எழுந்தபோது எலினாமி
மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள்.
அலமாரியில் மூன்றாம் எண் இருந்த இடம்
காலியாய் இருக்கிறது.
தொங்கு தராசில் மாட்டுகிறேன்.
என் கணக்கைவிட ஒன்றரைக் கிலோ
கூடுதலாய்க் காட்டுகிறது முள்.

முட்டையாக இருக்கும் என்று
எழுதி வைக்கிறேன்.