துவரவெளி

அந்த நாட்டுக்கு நான் வைத்த பெயர் துவரவெளி.
கைப்பற்றல் பதிவேட்டின் பின்பக்கங்களில் இருக்கிறது.
முன்பக்கங்களில்
கசிப்பு பன்னிரண்டு போத்தல்,
செப்புச் சுருள் ஒன்று,
நசுங்கிய அலுமினியத் தாச்சி ஒன்று.

களுவாஞ்சிக்குடி மதுவரி அலுவலகத்தில்
எழுதுவினைஞர் வேலை எனக்கு.
ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம்.
வைன் ஒரு சொட்டும் குடித்ததில்லை.
சான்றுப் போத்தல்களுக்கு அரக்கு உருக்கும்போது
வரும் வாசத்தை வைத்து
ஒரு நாட்டையே காய்ச்சினேன்.

துவரவெளியின் ஆறு
ஆண்டில் ஒன்பது நாள் கிறுகி ஓடும்.
அந்த ஒன்பது நாளில்தான் முந்திரிகை பறிப்பு.
எழுவான்கரைக் கொடியில் வெளிறிய பழம்,
விடியலின் நகக்கண் நிறம்.
படுவான்கரைப் பழம் அட்டைக் கறுப்பு.
யானை மிதித்த தடத்தில் களிமண் அப்பி
அப்படியே சுட்டெடுத்த சாடிகளில் ஊறவிடுவார்கள்.
நிலா இரண்டு. சின்னது வரிநிலா:
அது தேய்ந்து முடியுமுன்
பத்தில் ஒன்றைக் கட்டியாக வேண்டும்.
(எவ்வளவு குடித்தாலும் நான் குமாஸ்தாதானே.)

இரு கரை வைனையும் ஒரே கோப்பையில் கலந்தால்
குடித்தவர் தன் பொய்களில் ஒன்றை மறந்துவிடுவார்.
நீதவான்களுக்கு அது தடை.

ஆவணியில் ஒரு செவ்வாய்
வெல்லாவெளிப் பக்கம் பிடித்த வழக்கு.
தவமலர், வயது நாற்பத்தாறு,
கோடா 200 லீற்றர்.
அறுபத்தோராம் தாளின் முகத்தில் எழுதினேன்.
வரைபடம் அதே தாளின் முதுகில்.

மின்விசிறி புரட்டிவிட்டது.

வாங்கிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"என்ன கா இது, நம்மட ஆறு மாதிரி?"
சொன்னேன். ஏன் சொன்னேனோ.
அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை அதிலேயே வைத்திருந்தாள்.
"உப்புக் கரையில கொடி நிக்காது கா, வேர் அவிஞ்சிரும்.
நாவல வைங்க. நாவல் உப்புக்குப் பயப்படாது."
மறுகா,
"சாடிய வெயில்ல விட்டிருக்கிறீங்க.
ஆத்து மண்ணுக்குள்ள கழுத்தளவுக்குத் தாழுங்க.
உள்ளுக்குள்ள நண்டு நடக்கிற சத்தம் கேட்கும்.
சத்தம் நிண்டாத்தான் திறக்கணும்."
அதற்குள் சார்ஜன்ட் வந்து
பெருவிரலுக்கு மை தடவினார்.

அன்று பின்னேரம்
கொடிகளை அழிக்க உட்கார்ந்தேன்.
திணைக்களத்து அழிறப்பர், கல் மாதிரி.
எழுவான்கரை போனது. படுவான்கரை போனது.
ஆறு மட்டும் அழியவில்லை, அழுத்தினேன்,
தாள் பிய்ந்தது.
மிளகளவு ஓட்டை.

திருப்பிப் பார்த்தால்
கோடா 20 லீற்றர்.

ஒட்டியிருக்கலாம். பசை மேசையில்தான் இருந்தது.
சைபரை ஊதித் துடைத்துவிட்டு
நாலேகாலுக்குக் கையொப்பம் வைத்தேன்.

புரட்டாதியில் தண்டம் குறைவாய் விழுந்தது.
"தாளில என்ன ஓட்டை?" என்றார் அத்தியட்சகர்.
பூச்சி, சேர்.

போன கிழமை குருமண்வெளித் துறையில்
மண்டூர்ப் பாதை ஏறினேன்.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆடு, பள்ளிப் பிள்ளைகள்,
எதிர்க் கம்பியில் தவமலர்.
என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.
இறங்கும்போது என் பைக்குள்
பத்திரிகை சுற்றிய ஏதோ கனம்.

சோடாப் போத்தல்.
உள்ளே நாவல் கறுப்பு.
மூடிக்குப் பதிலாய்
இறுக்கி மடித்த தண்டப்பண ரசீது.

சட்டப்படி நான் செய்யவேண்டியது எனக்குத் தெரியும்.
லீற்றர் எழுதி, அரக்கு வைத்து, எண் போடவேண்டும்.
வீட்டுக் கதவைச் சாத்தி
காதில் வைத்தேன்.

நண்டு இன்னும் நடக்கிறது.